‘எனக்கு எதுவுமே நல்லதா நடக்காது’ என்று சொல்லும் குழந்தைக்கு என்ன கதை சொல்வது?

மனசு நொந்து கிடக்கும் குழந்தைகளை ஆன்மிகக் கதைகள் மூலமாக நல்ல விதமாக யோசிக்கப் பழக்க முடியுமா என்பது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கேட்டவர்களின் பெயர், ஊர் எதையும் போடவில்லை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். ஒன்பது வயது மகன் முன்பு வாய் ஓயாமல் பேசுவான், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். ‘எனக்கு எப்பவுமே எதுவும் நல்லதா நடக்காது’ என்கிறான். மனசு தேறட்டும் என்று தினமும் ஒரு பக்திக் கதை சொல்கிறேன். போன வாரம் ‘இதெல்லாம் பொய்தானேம்மா’ என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கதையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ‘கதைதான் கண்ணா, ஆனா அந்தப் பையனுக்கு வந்த அழுகை பொய் இல்லை’ என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒன்பது வயதில் இப்படிக் கேட்கிறான் என்றால் அவன் கவனித்துக் கேட்கிறான் என்று அர்த்தம். நிஜமாகவே நடந்தது என்று நீங்கள் சத்தியம் பண்ணப் போனால் ராத்திரி நேரத்தில் அது ஒரு வழக்காடலாகிவிடும், அதில் ஜெயித்தும் லாபமில்லை.

அவன் சொல்லும் ‘எப்பவுமே எதுவும்’ என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1960களில் ‘நாம் என்ன செய்தாலும் எதுவும் மாறாது’ என்று பழகிப்போன மனநிலையைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பிற்பாடு குழந்தைகள் பக்கம் வந்து, கெட்டது நடந்தால் அதற்குத் தங்களுக்குள் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். சோர்ந்துபோகிற பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று மாதிரி சொல்கிறார்கள்: இது எப்பவும் இப்படித்தான், எல்லாத்துலயும் இப்படித்தான், இதுக்குக் காரணம் நான்தான். இந்த மூன்று முடிச்சுகளையும் கொஞ்சம் தளர்த்துவதைத்தான் நான் நேர்மறை எண்ணம் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘எல்லாம் நல்லதே நடக்கும்’ என்று அவன் தலையில் ஏற்றினால், அடுத்த முறை ஒன்று நடக்காதபோது அவன் உங்களையும் நம்ப மாட்டான், சாமியையும் நம்ப மாட்டான்.

பாகவதத்தில் வரும் துருவன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதை. அஞ்சு வயதுப் பையன் அப்பா மடியில் உட்காரப் போகிறான், சின்னம்மா சுருசி அவனைத் திட்டி, ‘இந்த மடியில் உட்கார நீ என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும்’ என்கிறாள், அப்பா வாயே திறப்பதில்லை. நாம் வழக்கமாக இந்த இடத்தை ரெண்டு வரியில் தாண்டி, காட்டுக்குப் போனான், தவம் செய்தான், நட்சத்திரம் ஆனான் என்று ஓடிவிடுவோம். உங்கள் மகனுக்கு வேண்டிய கதை இந்த ரெண்டு வரியில்தான் இருக்கிறது! அவன் எப்படி அழுதுகொண்டே ஓடி வந்தான், அப்பா பேசாமல் இருந்தது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அங்கேயே நில்லுங்கள். அடுத்து அம்மா சுநீதி என்ன செய்கிறாள் பாருங்கள். ‘அழாதே, அப்பாவுக்கு உன்மேல் ஆசைதான்’ என்று மழுப்பவில்லை. அவளும் அழுகிறாள், அவள் நிலைமை என்ன என்று ஒளிக்காமல் சொல்கிறாள், யாருக்கும் கெட்டது நினைக்காதே என்கிறாள், அப்புறம்தான் நாராயணனை நோக்கிப் போ என்கிறாள். கஷ்டம் இருப்பதை ஒத்துக்கொண்ட பிறகு வழி சொல்கிறாள். பிள்ளை அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பது அந்த வரிசையில் போனால்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். பிரிந்த அப்பாவும் அம்மாவும் கடைசியில் ஒன்று சேர்கிற மாதிரி எந்தக் கதையும் வேண்டாம். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் பலர் அதை ஏற்கெனவே உள்ளுக்குள் எழுதி வைத்திருப்பார்கள், நீங்களும் சேர்ந்து எழுதினால் அவன் காத்துக்கொண்டே இருப்பான். ‘நாங்க பிரிஞ்சது உன்னால இல்லை’ என்பதைக் கதைக்குள் மறைத்துச் சொல்லாதீர்கள், பகலில், நேராக, ஒரு தடவைக்குப் பல தடவை சொல்லுங்கள். கதை அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: குழந்தைகள் இல்லம் ஒன்றில் வாரம் ஒருமுறை கதை சொல்கிறேன். பிரகலாதன் கதை சொன்னபோது ஒரு சிறுமி பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். அங்கே பல மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனாலா? அப்படியானால் ஆன்மிகக் கதையே கூடாதா?

பதில்: மதம் காரணமாக இருக்கலாம்தான், ஆனால் முதலில் கதையையே ஒருமுறை பாருங்கள். பெற்ற தகப்பன் மகனை யானைக் காலில் போடுகிறான், விஷம் கொடுக்கிறான், மலையிலிருந்து உருட்டச் சொல்கிறான். கடைசியில் நரசிம்மர் வரப்போகிறார் என்று தெரிந்ததால் நாம் நிம்மதியாகச் சொல்கிறோம். வீட்டில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு எந்தத் தூணைப் பிளந்துகொண்டும் யாரும் வரவில்லை. அந்தப் பிள்ளை இந்தக் கதையைக் கேட்டால் ‘பக்தி இருந்தால் காப்பாற்றுவார், எனக்கு யாரும் வரவில்லை, அப்போ என் பக்தி போதவில்லை’ என்றுதான் கணக்குப் போடும். நல்ல எண்ணத்தை வளர்க்கப் போன கதை ‘நான்தான் காரணம்’ என்ற முடிச்சை இன்னும் இறுக்கிவிடும். அதனால் கூட்டமாக உட்காரவைத்துச் சொல்வதற்கு முன்னால், கதையில் யார் யாரைக் காயப்படுத்துகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்ணப்பர் கதையைத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குச் சொல்ல மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

அந்தச் சிறுமிக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் துருவ வேண்டாம். நடந்ததை இல்லத்தில் அவளைக் கவனித்துக்கொள்பவரிடம் சொல்லிவிடுங்கள். அவளாக வந்து ஏதாவது சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், நம்புங்கள், ‘சொன்னது நல்லதும்மா’ என்று சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

சரி, பல மதத்துப் பிள்ளைகள் விஷயம். ஆன்மிகக் கதை என்றால் சாமி வந்து வரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? என்னைவிடப் பெரியதாக ஏதோ ஒன்று இருக்கிறது, நான் தனி ஆள் இல்லை, நன்றி, மன்னிப்பு, வியப்பு, இதில் ஏதாவது ஒன்று உள்ளே ஓடினால் போதும். கிசாகோதமி கதையில் செத்துப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வருகிறாள் ஒரு தாய். புத்தர் தத்துவம் பேசவில்லை. சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிக்கொண்டு வா என்கிறார். அவள் வீடு வீடாகப் போகிறாள், கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, கூடவே எல்லா வீட்டிலும் ஒரு சாவும் இருக்கிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு, யாரும் அறிவுரை சொல்லாமலேயே, அவள் நடந்த நடையில் கரைகிறது. பத்து வயதுக்கு மேல் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குச் செத்தவர் திரும்ப வரமாட்டார் என்பதே முழுசாகப் புரிந்திருக்காது, அவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி: தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து ‘நான் எல்லோருக்கும் பிடித்தவள், நான் மகிழ்ச்சியானவள்’ என்று மகளைச் சொல்ல வைக்கிறேன். பன்னிரண்டு வயது. முந்தாநாள் சொல்லும்போதே அழுதுவிட்டாள். தொடரலாமா?

பதில்: உடனே விட்டுவிடுங்கள். ஜோன் வுட் என்ற உளவியலாளர் கனடாவில் தன் குழுவினரோடு செய்த ஆய்வு 2009ல் வந்தது. தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களை ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமானது, ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் காரணத்தை ஊகிக்கக் கஷ்டமில்லை. வாய் ஒன்று சொல்லும்போது மனசு ‘பொய், பொய்’ என்று பட்டியல் எடுத்துக் கொடுக்கிறது. கதையில் இந்தச் சங்கடம் வராது. அங்கே அவள் தன்னைப் பற்றி எதுவும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, யாரோ ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேச ஆரம்பிப்பாள், அவள் மேல் தப்பில்லை என்று வாதாடுவாள், ஒரு நாள் அது தனக்கும் பொருந்தும் என்று தானே பார்ப்பாள். பார்க்காமலும் போகலாம். இந்தச் சின்னக் கேள்விக்கு இவ்வளவு எழுதக் காரணம், இந்தக் கண்ணாடிப் பழக்கம் இப்போது ரொம்பப் பேரிடம் பரவிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான் தாத்தா. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று பேரனைக் கேட்பது என் வழக்கம். மருமகள் கூடாது என்கிறாள்.

பதில்: மருமகள் பக்கம்தான் என் ஓட்டு, மன்னிக்கவும் ஐயா. அந்தக் கேள்வி வந்ததும் கதை பரீட்சையாகிவிடுகிறது, பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பிக்கிறான். கேள்வியே கேட்கக் கூடாது என்பதில்லை, நடுவில் கேளுங்கள்: ‘இந்த இடத்துல அவன் என்ன நினைச்சிருப்பான்?’, ‘நீயா இருந்தா கதவைத் திறப்பியா?’ குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1988ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பெரியவர் மட்டுமே படித்துக்கொண்டு போகாமல் கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவிட்டால் சின்னப் பிள்ளைகளின் பேச்சு நன்றாக வளர்ந்தது. மனசு நொந்த பிள்ளையிடம் இன்னொரு லாபமும் உண்டு, அவன் கதாபாத்திரத்தின் வாயால் தன் மனசைச் சொல்லிவிடுவான். அப்போது ‘ஓ, உனக்கும் அப்படித்தானா?’ என்று பாய்ந்து பிடித்துவிடாதீர்கள். கதையிலேயே இருங்கள்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குக் கோபம் வந்தால் தங்கையை அடிக்கிறான், பொருளை உடைக்கிறான். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லிச் சொல்லி, இப்போது ராத்திரி விளக்கை அணைத்தாலே பயப்படுகிறான். அடிப்பது மட்டும் குறையவில்லை.

பதில்: பயம் அடியைக் குறைக்காது என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததாலேயே கெட்டது நடந்துவிடும் என்று நம்பக்கூடியவர்கள், அவர்களிடம் சாமியைப் போலீஸ் ஆக்கினால் தூக்கம்தான் போகும். ‘சாமி குத்தாது, நான் தெரியாம சொல்லிட்டேன்’ என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கோபத்துக்குத் துருவன் கதையின் அடுத்த பாகம் இருக்கிறது, யாரும் அதிகம் சொல்வதில்லை. வரம் வாங்கி, ராஜாவாகி, பல காலம் கழித்து அவன் தம்பி உத்தமனை ஒரு யட்சன் கொன்றுவிடுகிறான். துருவன் ஒருத்தன் செய்ததற்காக யட்சர் கூட்டத்தையே கொன்று குவிக்கிறான். தாத்தா மனு வந்து, போதும்டா என்கிற மாதிரி நிறுத்துகிறார், துருவனும் நிறுத்துகிறான். சாமியை நேரில் பார்த்தவனுக்கே கோபம் வந்திருக்கிறது! உங்கள் மகனுக்கு இது பெரிய ஆறுதல். கோபம் வந்ததால் அவன் கெட்ட பிள்ளை ஆகிவிடவில்லை, யாராவது நிறுத்து என்றால் நிறுத்த முடியும், அவ்வளவுதான் அதில் விஷயம். சண்டையை ஏழு வயதுக்கு ஏற்ற மாதிரி சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்களின் கோபமும் ஒரு காரணமாக இருந்தால் (இருக்கிறது என்று கடிதத்தில் லேசாகத் தெரிகிறது) நசிகேதன் கதை உங்களுக்கும் சேர்த்துத்தான். அப்பா கோபத்தில் ‘உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்லிவிடுகிறார், பையன் நிஜமாகவே போய் எமன் வாசலில் மூன்று ராத்திரி சாப்பிடாமல் காத்திருக்கிறான். எமன் மூன்று வரம் தருகிறார். கட உபநிடதத்தில் அவன் கேட்கும் முதல் வரம், நான் திரும்பிப் போகும்போது அப்பா கோபம் தணிந்து என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. மரணத்தின் ரகசியத்தை அவன் கேட்பது மூன்றாவதாகத்தான்.

கேள்வி: இந்த மாதிரிக் குழந்தைகளுக்காக நானே ஆன்மிகக் கதைகள் எழுத ஆசைப்படுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் வெள்ளைத் தாடி ஞானியை வெளியே அனுப்புங்கள். எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது: சோகமான சிறுவன், ஆற்றங்கரை, ஒரு பெரியவர், ரெண்டு பக்கத்துக்கு உபதேசம், சிறுவன் சிரித்தான், சுபம். உபதேசம் செய்யத்தான் அந்தக் குழந்தையைச் சுற்றி ஏற்கெனவே ஆள் இருக்கிறதே.

கதாநாயகனை உங்கள் வாசகக் குழந்தையின் நகலாக ஆக்காதீர்கள். அம்மாவை இழந்த பிள்ளைக்கு அம்மாவை இழந்த பிள்ளையின் கதையை நேராக நீட்டினால் பொறி என்று தெரிந்துகொள்ளும். கூட்டைத் தொலைத்த பறவை, நடுவழியில் வண்டியை விட்ட பயணி என்று ஒரு அடி தள்ளி வையுங்கள். கெட்ட உணர்ச்சிக்கு இடம் கொடுங்கள், கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கதாநாயகன் சாமியோடு கோபித்துக்கொண்டே இருக்கட்டும், யாரும் அவனைக் கண்டிக்க வேண்டாம். அற்புதம் வரலாம், ஆனால் அது பிரச்சினையைத் தீர்க்கக் கூடாது, அவன் ஒரு காரியத்தை முயன்று பார்த்த பிறகு கொஞ்சம் தாமதமாக வந்து கொஞ்சமாக உதவட்டும். கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்ட மாதிரி கற்பனை செய்துகொண்டே இருப்பவர்களின் முயற்சி குறைகிறது என்று காட்டின, கூடவே வழியில் என்ன தடை வரும் என்றும் யோசித்தவர்கள்தான் கூடுதலாகச் செய்தார்கள். கதைக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்: தடையைச் சின்னதாக்காதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு சின்னக் கரு. மழைக் கடவுளுக்குத் தினமும் திட்டிக் கடிதம் எழுதுகிறாள் ஒரு சிறுமி, அவள் தோட்டம் முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு நாள் பதில் வருகிறது: ‘உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கையெழுத்து மோசம். இன்னும் எழுது.’ மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, தோட்டமும் திரும்பி வரவில்லை. ஆனால் யாரோ படிக்கிறார்கள். அதற்கு அப்புறம் அவள் என்ன எழுதுவாள், எந்த நாள் கடிதத்தில் திட்டு குறைந்து முதல் முறையாக ஒரு கேள்வி வரும் என்பதுதான் கதை. இதை நீங்களே எடுத்து எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: கதையால் மனசு மாறும் என்பதெல்லாம் இப்போது கிளம்பிய மோஸ்தர்தானே?

பதில்: இல்லை. புத்தகத்தை மருந்தாகக் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தவரே 1916ல் ஒரு அமெரிக்கப் பாதிரியார், சாமுவேல் குரோதர்ஸ். அவர் அதைப் பத்திரிகைக் கட்டுரையில் பாதி கிண்டலாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் கிண்டலை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன். நண்பன் இறந்ததிலிருந்து அறைக்குள்ளேயே இருக்கிறான். கதை என்றாலே ‘நான் என்ன குழந்தையா’ என்று சிரிக்கிறான்.

பதில்: இந்த வயதில் நாம் சொல்வதைவிட அவன் எழுதுவது மேல். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதின உடனே மனசு கனத்தது, ஆனால் அடுத்த மாதங்களில், சம்பவமும் அதைப் பற்றிய உணர்ச்சியும் இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டு, ‘யாரும் படிக்க மாட்டோம்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி படிக்காமல் இருங்கள், அதுதான் கஷ்டம். வேண்டுமானால் இன்னொரு உலகத்தில் அந்த நண்பனுக்கு ஒரு நாள் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து எழுதட்டும், கேலியாக எழுதினாலும் பரவாயில்லை. எழுதப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சோகத்தை யாரும் கட்டாயப்படுத்தி வெளியே எடுக்கக் கூடாது. அடுத்த கேள்வியின் பதிலையும் படித்துவிடுங்கள், அது உங்களுக்கும்தான்.

கேள்வி: கதை சொல்ல ஆரம்பித்தால் எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: நாள் கணக்கு கிடையாது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கதையில் அவனுக்கு ஏதோ வேலை இருக்கிறது. முடிவை மாற்றிச் சொல்லச் சொன்னால், அவனே மாற்றினால், இன்னும் நல்லது.

ஆனால் சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால், உடம்பில் காயம் தெரிந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால், பள்ளிக்கூடமும் நண்பர்களும் வேண்டாம் என்றே இருந்தால், நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தால், குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். ‘தற்கொலை எண்ணம் வருதா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது, கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போதும் ராத்திரிக் கதை தொடரலாம், என்ன கதை சொல்கிறீர்கள் என்று ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.